உஷார்! காலடியில் காய்ந்த மணல், மலையில் மப்பு

ஞாயிற்றுக்கிழமை அய்யலூர்ப் பக்கம் கிளம்பத் திட்டம் போட்டிருக்கிறீர்களா? வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் திட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். திண்டுக்கல்லில் வயிறு நிறைய பிரியாணி. திருச்சி போகும் நான்கு வழிச்சாலையில் வடமதுரை தாண்டினால் அய்யலூர். வண்டி கருப்பணசாமி கோயிலில் லாரிக்காரர்களோடு நின்று ஒரு கும்பிடு, நெற்றியில் ஒரு கீற்று விபூதி. அப்புறம் நெடுஞ்சாலையை விட்டு விலகி, மலையடிவாரம் நோக்கி மண் பாதை. யாரோ போட்ட முப்பது நொடி ரீல்ஸில் பார்த்த இடம் அது. இரண்டு பக்கமும் கரடு, நடுவே மணல் படுத்த ஓடை, பாறை இடுக்கில் கொஞ்சம் தண்ணீர், மரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கல். கன்னிமார். ஆள் அரவமே இல்லை. வானம் நீலமாகத் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. மணல் காய்ந்து சுடுகிறது. ஓடைக்கு நடுவிலேயே நிழல் பார்த்துப் பாயை விரிக்கிறீர்கள்.

வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை. ஒருமுறை சந்தை கலைந்த நேரத்தில் டீக்கடை பெஞ்சில் ஒரு கீதாரி பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆடுகளை எந்த ஓடையில் தண்ணிக்கு விடுவீர்கள் என்று பேச்சு போனது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஓடையில மணலு காஞ்சிருக்கான்னு பாக்காதீய. மலைத்தலையில மப்பு இருக்கான்னு பாருங்க. எங்க ஆடே மப்பு போட்டா மேட்டுக்கு ஏறிரும்.”

ஆட்டுக்குத் தெரிந்தது ரீல்ஸ் பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த அலறல்.

இந்தச் சீமையில் சாமி காரியம் எதுவானாலும் முதலில் உத்தரவு கேட்பார்கள். கிடா வெட்டவோ, காது குத்தவோ, கோயில் கதவைத் திறக்கவோகூட, பூப்போட்டுப் பார்த்தோ பல்லி சொல்கிறதா என்று காத்திருந்தோ உத்தரவு வாங்கிக்கொண்டுதான் மேற்கொண்டு நடப்பார்கள். கிடைக்காவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். காட்டு ஓடைக்குப் போகிறவருக்கும் அதையே சொல்கிறேன். மூன்று உத்தரவு வேண்டும். மலையின் உத்தரவு, காட்டின் உத்தரவு, ஊரின் உத்தரவு. ஒன்று குறைந்தாலும் போகாதீர்கள்.

முதல் உத்தரவு: மலை

அய்யலூரைச் சுற்றித் தொப்பசாமி மலை, கரந்தமலை, தெற்கே சிறுமலை. இமயமலையோடு ஒப்பிட்டால் எல்லாம் குன்றுகள்தான். அந்த எண்ணமே ஆளைக் கவிழ்க்கும். இவை பாறை மலைகள். மண் போர்வை மெலிது. மேலே விழும் மழையை உறிஞ்சிவைக்க அங்கே அதிகம் எதுவும் இல்லை. விழுந்ததில் பெரும்பகுதி வழுக்கிக்கொண்டு கீழே வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் ஓடைக்குத் தண்ணீர் தரும் மலைச்சரிவு 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை கொட்டினால், விழுந்த தண்ணீர் 50 கோடி லிட்டர். அதில் பாதியைக் காடு குடித்தாலும், மிச்சம் 25 கோடி லிட்டர் நீங்கள் பாய் விரித்திருக்கும் அந்தப் பத்தடிப் பாதையைத் தேடித்தான் வரும். உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டுக்கூட விழுந்திருக்காது. நீலவானத்தின் கீழேயே வெள்ளம் வரும். காட்டாறு என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

அந்தத் தண்ணீரின் வேகத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். பாய்ந்து வரும் தண்ணீர் அரையடி ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். ஓரடி இருந்தால் சின்னக் காரை நகர்த்தும். இரண்டடி வந்தால் பெரும்பாலான வண்டிகள் மிதந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வருவது வெறும் தண்ணீரும் இல்லை. கல், மரக்கட்டை, முள் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும். நீச்சல் தெரியும் என்ற பேச்சுக்கு அங்கே மதிப்பே கிடையாது.

நடந்ததைப் பாருங்கள். 2024 மே 17. பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. படிகளில் ஏறி ஓடியவர்கள் தப்பினார்கள். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் வெள்ளைத் தண்ணீர், சில நொடிகளில் செம்மண் நிறம், அடுத்து ஓலம். 2015-ல் சதுரகிரியில் சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிடப் போனவர்கள் ஓடைகளில் வந்த காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினார்கள், உயிர்கள் போயின. அதுவும் மே மாதம்தான்.

மாதத்தைக் கவனியுங்கள். இரண்டுமே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடக்கவில்லை. கோடையில் நடந்தவை. பள்ளி விடுமுறை, ஓடை வறண்டு கிடக்கும், ‘இப்போ என்ன வெள்ளம் வரப்போகுது’ என்ற மிதப்பு வேறு. மதியத்துக்கு மேல் திரளும் கோடை இடிமழைக்கு அந்த மிதப்புதான் இரை.

நம் சமவெளியும் இதை அறியாததில்லை. 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. வேடசந்தூர் அருகே அழகாபுரியில் புதிதாகக் கட்டியிருந்த குடகனாறு அணையின் மண்கரை மேல் வெள்ளம் வழிந்து, கரையே உடைந்து போனது. கீழே இருந்தவர்களில் பலர் உயிரிழந்தார்கள். கடலோரத்தில் அடித்த புயலுக்கு வேடசந்தூர்க்காரர்கள் விலை கொடுத்தார்கள். பள்ளத்தில் நிற்பவனுக்கு ஆபத்து எப்போதும் அவன் பார்க்காத இடத்திலிருந்துதான் வருகிறது.

மலையின் உத்தரவு எப்படித் தெரியும்? கிளம்பும் முன் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றாலே ஓடைப்பக்கம் வேண்டாம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் வீட்டிலேயே பிரியாணி. தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலி, மின்னலுக்கென்று உள்ள தாமினி செயலி இரண்டையும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பள்ளத்தாக்குக்குள் சிக்னல் செத்துவிடும். அங்கே கண்ணும் காதும்தான் செயலி.

தெளிந்த தண்ணீர் கலங்குகிறதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருகிறதா, தண்ணீர் மட்டம் ஒரு விரற்கடை ஏறியிருக்கிறதா, மேல்பக்கத்திலிருந்து லாரி வருவதுபோல் ஓர் உறுமல் கேட்கிறதா? ஒன்று நடந்தாலும் செருப்பைத் தேடாதீர்கள், பாத்திரத்தை எடுக்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேடேறுங்கள். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடாதீர்கள். தண்ணீர் உங்களை முந்திவிடும். வண்டி மாட்டிக்கொண்டால் போகட்டும், இன்சூரன்ஸ் வண்டியைத் தரும்.

தேங்கிய தண்ணீரும் ஆபத்துதான். பாறைக்குழிகளின் ஆழம் மேலிருந்து தெரியாது, விளிம்பெல்லாம் பாசி. ஒருவர் முங்கினால் அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கிறார், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் பலி என்று நாளிதழில் படிக்கிறோமே, பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. குதிக்காதீர்கள். வேட்டியோ சேலையோ நீளக் கம்போ எறியுங்கள், கரையில் படுத்துக்கொண்டு இழுங்கள்.

இரண்டாம் உத்தரவு: காடு

நீங்கள் போகும் இடம் யாருடையது என்று தெரியுமா? புறம்போக்கு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். 2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டக் காடுகளையும் சேர்த்து 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. அய்யலூர்ப் பக்கத்துக் காடுகள் தேவாங்குக்குப் பேர்போனவை.

சரணாலயம் என்றால் பூங்கா என்று எண்ணிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அங்கேயே குடியிருப்பவர், நிலம் வைத்திருப்பவர், பொதுச்சாலையில் கடந்து போகிறவர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. தீ மூட்டக் கூடாது. சரணாலயத்துக்கு வெளியே இருந்தாலும் காப்புக்காடு காப்புக்காடுதான். அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கூகுள் மேப்பில் பாதை தெரிகிறது என்பது அனுமதிச்சீட்டு ஆகாது. வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘கூடாது’ என்றால் அதோடு முடிந்தது.

ஒல்லியாக இருப்பவனைத் ‘தேவாங்கு மாதிரி இருக்கான்’ என்று கேலி பேசுகிறோமே, அந்தத் தேவாங்கை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒரு சாண் உடம்பு, கால் கிலோ அளவுக்கு எடை, முகம் முழுக்கக் கண். பகலெல்லாம் முள்மரத்துக்குள் சுருண்டு தூங்கும். இருட்டியதும் கிளை கிளையாக மெல்ல நடந்து பூச்சி பிடித்துத் தின்னும். குரங்குபோல் தாவத் தெரியாது. கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை. நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் கீழே இறங்கி நடக்கும். நடந்தால் வண்டிச் சக்கரம். மந்திரம், மருந்து, ஜோசியம் என்று சொல்லி ஒரு காலத்தில் பிடித்தே தீர்த்தார்கள்.

இப்போது புதுத் தொல்லை, டார்ச் அடித்து வீடியோ எடுப்பது. இரவுக்கென்றே படைத்த கண் அது. அதில் வெள்ளை வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அசையாமல் உறைந்து நிற்கும். ‘போஸ் கொடுக்குது பார்’ என்பார்கள். போஸ் இல்லை ஐயா, திகைப்பு. அட்டவணை ஒன்றில் உள்ள உயிரினம் அது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பிடிப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். குட்டியாக இருக்கிறதே என்று கையில் எடுத்தாலும் வம்பு.

தேவாங்கு உங்களை ஒன்றும் செய்யாது. மற்றவை அப்படியில்லை.

மலைத்தேனீ: உயரமான பாறைமுகத்திலும் பெரிய மரத்திலும் முறம் அளவுக்குத் தொங்கும் கூடு. கற்பூரப் புகை, அடுப்புப் புகை, வெடிச்சத்தம், மேலே எறியும் ஒரு கல், இதில் எதுவும் போதும் அதைக் கிளப்ப. சாமி கும்பிடப் போன இடத்தில் தேனீ கொட்டி மருத்துவமனைக்குப் போன செய்தி வருடா வருடம் வருகிறது. அடுப்பு மூட்டும் முன் தலையைத் தூக்கிப் பாருங்கள். கிளம்பிவிட்டால் கையை வீசாதீர்கள்; துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை மூடுங்கள்.

பாம்பு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குக்கும் நம் சமவெளியும் கரடும் சொந்த வீடு. சுருட்டை சின்னது, கல்லோடு கல்லாகக் கிடக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பச்சிலைக்கு ஆள் தேடாதீர்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். நான்குக்கும் சேர்த்தே ஒரு விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை.

காட்டுமாடு: ‘மாடுதானே’ என்று கிட்டே போகாதீர்கள். வளர்ந்த காளை ஆயிரம் கிலோவைத் தொடும். தனியாக நிற்கும் காளைக்குப் பொறுமை குறைவு. செல்ஃபிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவருக்குத் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது.

உண்ணிக்காய்ச்சல்: இது வீட்டுக்கு வந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கதவைத் தட்டும். மருத்துவர்கள் ஸ்கிரப் டைபஸ் என்பார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சியின் இளம்புழு கடித்து வருவது. காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த சிறு புண் இருக்கலாம். மழைக்காலம், பனிக்காலத்தில் அதிகம். ‘வைரல்தான்’ என்று மாத்திரை போட்டு நாளைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம்வரை போய்விடும். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மருந்திலேயே தீரும். டாக்டரிடம் ஒரு வாக்கியம் மறக்காமல் சொல்லுங்கள்: “பத்து நாளைக்கு முன்னால காட்டுப்பக்கம் போயிருந்தேன்.”

கடைசியாகத் தீ. மாசி, பங்குனியில் இந்தக் கரடுகளில் புல் எல்லாம் காய்ந்த காகிதம். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏறிப்போன குழுவினரைக் காட்டுத்தீ சுற்றி வளைத்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் படித்த, வேலையில் இருந்த, உடல்பலம் உள்ள இளைஞர்கள். தீ மேட்டை நோக்கித்தான் பாயும். சரிவு ஏற ஏற அதன் வேகம் கூடும். அந்த ஓட்டத்தில் மனிதனால் ஜெயிக்க முடியாது. மூன்று கல் அடுப்பு, அணைக்காத ஊதுவத்தி, எறிந்த பீடித்துண்டு, எதுவும் போதும். அணைத்தாகிவிட்டது என்று நினைத்த சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை மேலே வைத்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே நகருங்கள். அதைவிட நல்லது, சமைத்த சோற்றை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது.

மூன்றாம் உத்தரவு: ஊர்

மேலே சொன்ன இரண்டும் உங்கள் உயிருக்கு. இது அடுத்தவர் உயிருக்கும் ஊரின் மானத்துக்கும்.

இந்தப் பக்கத்துச் சாமிகள் கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்தவை இல்லை. ஓடைக்கரையில் கன்னிமார், எல்லையில் கருப்பு, புளியமரத்தடியில் முனி. சுவர் கிடையாது, கதவு கிடையாது, உண்டியல்கூட இருக்காது. அதனால் பொதுச்சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கல்லுக்கும் கும்பிடுகிற பங்காளிகள் இருக்கிறார்கள், பூசாரி இருக்கிறார், வருடத்தில் ஒரு நாள் இருக்கிறது. சில இடங்களில் படைத்த சோற்றை அங்கேயே தின்று முடிக்க வேண்டும், ஒரு பருக்கைகூட வீட்டுக்கு வரக் கூடாது. சில இடத்தில் பொழுது சாய்ந்தபின் ஆள் தங்கக் கூடாது. சில இடத்தில் காய்ந்த சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது. கன்னிமார் கல் மேல் ஈரத்துணியைக் காயப் போட்டு, அருவாளைப் பிடுங்கி போஸ் கொடுத்து, அதை இணையத்தில் ஏற்றினால் ஊர் சும்மா இருக்குமா? சண்டை வந்தால் தப்பு யார்மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஒடிக்காத கட்டுப்பாட்டால் என்ன மிஞ்சியது என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்திலேயே நத்தம் பக்கம் காசம்பட்டியில், அழகர்மலை அடிவாரத்து மாந்தோப்புகளுக்கு நடுவே வீரகோவில் காடு இருக்கிறது. மொத்தமே 4.97 ஹெக்டேர். சாமிக்குப் பயந்து தலைமுறை தலைமுறையாகக் கிளையைத் தொடாமல் வைத்திருந்தார்கள். 2025-ல் அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் மதுரை அரிட்டாபட்டிக்கு அடுத்தபடியாக அந்தப் பெயர் பெற்ற இடம் அதுதான். படித்தவர்கள் அறிவிப்புப் பலகை வைத்துக் காக்க முடியாததைப் படிக்காதவர்கள் ஒரு வேண்டுதலை வைத்துக் காத்தார்கள்.

ஆனால் பக்தியின் பெயராலும் பாழ்பண்ண முடியும். அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில், ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும் காட்டுக் கோயில். கூட்டம் கலைந்தபின் தாமிரபரணிக் கரையில் மிஞ்சுவது பிளாஸ்டிக்கும் துணியும் எச்சில் இலையும். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயிலுக்கு வண்டிக்கும் பொருளுக்கும் கட்டுப்பாடு ஏன் என்று கேட்பவர்கள் மறுநாள் போய்ப் பார்க்கட்டும்.

அய்யலூர் ஓடைகளுக்கு அந்தக் கூட்டம் இல்லை. அதற்குப் பதில் பாட்டில் இருக்கிறது. காலி பாட்டிலைப் பாறையில் அடித்து உடைப்பதில் என்ன வீரமோ! நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறதே என்றுதான் 2022-ல் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற ஏற்பாடு வந்தது. இங்கே யானை இல்லைதான். ஆனால் வெறுங்காலோடு ஆடு ஓட்டும் பையன் இருக்கிறான், நேர்த்திக்கடனுக்குச் செருப்பில்லாமல் நடந்து வரும் கிழவி இருக்கிறாள். நீங்கள் உடைத்த சில்லு அடுத்த மழையில் மணலுக்குள் புதைந்து அவர்களுக்காகக் காத்திருக்கும்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். ஓடையில் நீங்கள் நிற்கும் இடத்துக்கு மேலே மலை இருக்கிறது. உங்களுக்குக் கீழே ஊர் இருக்கிறது. மேலே இருந்து வருவதைக் கண்டு நீங்கள் பயப்படுகிறீர்கள். கீழே இருப்பவர்களுக்கு மேலே இருந்து வருகிறவர் நீங்கள்தான். உங்கள் சோப்பு, ஷாம்பு, டயாபர், எலும்பு, பாட்டில் எல்லாம் அடுத்த வெள்ளத்தில் அவர்கள் குளத்துக்குத்தான் போய்ச் சேரும்.

ஊரின் உத்தரவு வாங்குவது சுலபம். அடிவாரத்துக் கடைசி டீக்கடையில் வண்டியை நிறுத்துங்கள். ஒரு டீ குடியுங்கள். “ஐயா, அந்த ஓடைப்பக்கம் போகலாமா? சாமி யாரு? எதுவரைக்கும் போகலாம்?” இந்த மூன்று கேள்வி போதும். நேற்று மேலே மழை பெய்ததா, காட்டுமாடு இறங்கியிருக்கிறதா, எந்தப் பாறையில் தேன்கூடு இருக்கிறது என்பதெல்லாம் கேட்காமலே சேர்ந்து வரும். எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அவர்களிடமே சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் திரும்பாவிட்டால் முதலில் தேடி வரப்போவது அவர்கள்தான்.

கிளம்பும் முன் கையோடு

மதியம் இரண்டு மணிக்குள் ஓடையை விட்டு ஏறிவிடுங்கள். கோடை மழை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கட்டும். ஓடைப்படுகையில் வண்டி நிறுத்தாதீர்கள், கூடாரம் போடாதீர்கள், குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் போடுங்கள். சாமியிடம் காலணியைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும் முன் தலைகீழாகத் தட்டுங்கள், தேள் இருக்கும். மின்னல் வெட்டினால் தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள். சாராயம் வேண்டவே வேண்டாம். பாறை வழுக்கலுக்கும் போதைக்கும் நல்ல கூட்டு, உங்களுக்குத்தான் ஆகாது. ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, எதற்கும் 112. எண்களை ஒரு தாளில் எழுதி, சிக்னல் கிடைத்த கடைசி இடம் எது என்பதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நல்லபடியாகப் போய்வந்தால் படம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இடத்தின் பெயரையும் பாதையையும் போடாதீர்கள். பத்துப் பேர் போனால் தாங்கும் ஓடை, பத்தாயிரம் பேர் பார்த்தபின் தாங்காது.

கிடாயோடு திரும்பியவர்கள்

உத்தரவு கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று அந்தக் கீதாரிப் பெரியவரிடமே கேட்டேன். சந்தையில் அன்று விற்காத ஒரு கிடா அவர் காலடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“என்ன செய்ய? பொங்கச் சாமான், விறகு, கிடா எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். சாமி வேணாம்னு சொன்னா ஏதோ காரணம் இருக்கும். அடுத்த வருசம் பாத்துக்கிறது.”

வண்டி வாடகை நட்டம், சொந்தபந்தம் எல்லாம் வந்தது வீண். இருந்தாலும் யாரும் அதைத் தோல்வி என்று பேசுவதில்லை. அடிவாரம்வரை போய்விட்டோமே, பெட்ரோல் போட்டாச்சே, லீவு போட்டாச்சே என்று உங்களுக்குத் தோன்றும்போது அந்தக் கிடாயை நினைத்துக்கொள்ளுங்கள். மலைத்தலையில் மப்பைப் பார்த்துவிட்டால், வனக்காவலர் கையைக் காட்டிவிட்டால், டீக்கடைக்காரர் “இன்னிக்கு வேணாம் சார்” என்றுவிட்டால், கருப்பைக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்புங்கள். ஓடை அங்கேயேதான் இருக்கும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ள நாமும் இருக்க வேண்டும்.